புதுச்சேரி புகலிட இதழ்கள்

புதுச்சேரி புகலிட இதழ்கள் என்பன, 1908 அக்டோபர் முதல் 1910 வரையிலான காலத்தில், பிரித்தானிய இந்தியாவில் வெளியிட இயலாத நிலையில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரி நகரில் அச்சிடப்பட்டு எல்லை தாண்டி அனுப்பப்பட்ட தமிழ்த் தேசிய இதழ்களைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது இந்தியா என்னும் வார இதழ். விஜயா என்னும் நாளிதழும், கர்மயோகி என்னும் மாத இதழும், சூரியோதயம் என்னும் வார இதழும் இதே வட்டத்தைச் சேர்ந்தவை. நான்கிலும் சுப்பிரமணிய பாரதியின் பங்கு இருந்தது.

இவை சிறிய இதழ்கள். சென்னை மாகாணத்தின் அரசியலில் ஒரு சிறுபான்மைக் கருத்தைப் பேசியவை. ஆயினும் இரு பேரரசுகளின் உறவில் சிறிதுகாலம் ஒரு முள்ளாக இருந்தன. பிரெஞ்சுச் சட்டம் இவற்றை அச்சிட இடம் கொடுத்தது; படிப்பவர்களோ பெரும்பாலும் பிரித்தானிய இந்தியாவில் இருந்தனர். இந்த இடைவெளியிலேயே இவ்விதழ்கள் வாழ்ந்தன, அதனாலேயே நின்றும் போயின.

பின்னணி

இந்தியா இதழ் 1906 மே மாதம் சென்னையில் தொடங்கப்பட்டது. இதனைத் தொடங்கியவர் மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த எசு. என். திருமலாச்சாரி. மண்டயத்தார் மைசூர்ப் பகுதியில் இருந்து வந்து சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வைணவக் குடும்பங்கள். 1893-இல் விவேகானந்தர் சிக்காகோ செல்லப் பொருள் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் இக்குடும்ப வட்டத்தைச் சேர்ந்தவரே. 1904 முதல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக இருந்த பாரதி, அந்த இதழின் நிதானமான போக்கில் எழுத முடியாதவற்றை இந்தியாவில் எழுதினார்.

இதழ் சிவப்பு நிறத் தாளில் அச்சிடப்பட்டது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. பிரெஞ்சு மண்ணுக்குக் குடிபெயர்வதற்கு முன்னரே இம்முழக்கத்தை ஏற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. முதல் பக்கத்தில் அரசியல் கருத்துப்படம் வெளியிட்டதும் தமிழ் இதழியலில் இவ்விதழ் ஏற்படுத்திய புதுமையாகும். படத்தின் பொருளை விளக்கும் குறிப்பும் உடன் அச்சிடப்பட்டது. கருத்துப்படம் என்ற வடிவமே அன்றைய தமிழ் வாசகர்களுக்குப் புதிது என்பதால் இவ்விளக்கம் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

இதழின் ஆண்டுச் சந்தா அக்காலத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத முறையில் அமைந்திருந்தது. அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், சமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் 30 ரூபாய், மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ளவர்களுக்கு 15 ரூபாய், மற்றவர்களுக்கு 3 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. தன்னைக் கண்காணிக்கும் அரசு தன்னைப் படித்தே ஆக வேண்டும் என்பதை அறிந்து, அந்த அரசிடம் பதினாறு மடங்குக்கும் மேல் கேட்ட இதழ் இது.

1907 டிசம்பரில் சூரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிரிந்தனர். (தீவிரவாதி என்ற சொல் இங்கு அக்காலப் பொருளில், திலகரின் அணியைச் சேர்ந்தவர் என்ற பொருளில் பயன்படுத்தப்படுகிறது.) பாரதியும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் திலகரின் பக்கம் நின்றனர். சென்னையின் செல்வாக்குள்ள வழக்கறிஞர்களும் பெரிய நாளிதழ்களும் மறுபக்கம் இருந்த நிலையில், திலகர் அணிக்குத் தமிழில் குரலாக இருந்தது இந்தியா இதழே.

1908-ஆம் ஆண்டின் வழக்குகள்

1908-ஆம் ஆண்டு இந்திய மொழி இதழ்களுக்கு மிகக் கடினமான ஆண்டு. மார்ச் 12-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. சூன் மாதத்தில், குற்றத்தைத் தூண்டும் இதழ்களின் அச்சுக்கூடங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சூலை 7-இல் சிதம்பரம் பிள்ளைக்கும் சிவாவுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. சூலை 22-இல் கேசரி இதழில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகருக்கு ஆறு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகத்தில் சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கைதானார். நோயுற்றிருந்த அவர், இனி அவ்வாறு எழுதுவதில்லை என உறுதியளித்த பின் விடுவிக்கப்பட்டார்.

அதே ஆகத்து மாதத்தில் இந்தியா இதழின் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 1867-ஆம் ஆண்டின் அச்சுக்கூடப் பதிவுச் சட்டப்படி, ஓர் இதழை அச்சிட்டு வெளியிடுபவர் நீதிபதி முன் உறுதிமொழி அளித்துத் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியரின் பெயரை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்தில் அன்று இல்லை. எனவே ஓர் இதழை எழுதுபவர் ஒருவராகவும், சட்டத்தின் முன் அதற்குப் பொறுப்பேற்பவர் வேறொருவராகவும் இருப்பது அன்றைய நாளில் வழக்கமாயிருந்தது. இந்தியா இதழுக்கு அவ்வாறு பொறுப்பேற்றிருந்தவர் எம். சீனிவாசன். அவர் கைது செய்யப்பட்டு, அரசத்துரோகக் குற்றத்துக்காக ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார்.

இதழின் பெரும்பகுதியை எழுதியவர் பாரதி என்பது அரசு அறிந்ததே. அவரையும் கைது செய்யக்கூடும் என்ற நிலையில் நண்பர்கள் அவரைச் சென்னையை விட்டு வெளியேறும்படி வற்புறுத்தினர் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வேறொருவர் சிறை செல்ல, எழுதியவர் எல்லை கடந்து சென்றது சரியா என்பது பாரதியைப் பற்றி எழுதியவர்களிடையே தொடர்ந்து விவாதிக்கப்படும் ஒன்று. இதழ் தொடர வேண்டுமானால் எழுதுபவர் வெளியே இருக்க வேண்டும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. எனினும் அதற்கான விலையைச் சீனிவாசன் செலுத்தினார் என்பதும், பாரதியின் பெயருடன் ஒப்பிட்டால் அவர் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது என்பதும் உண்மை.

புதுச்சேரியைத் தேர்ந்ததன் காரணம்

புதுச்சேரி சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1879-இல் விழுப்புரத்தில் இருந்து அமைக்கப்பட்ட இருப்புப்பாதை வழியாகச் சென்னையுடன் இணைக்கப்பட்டிருந்தது. நெப்போலியப் போர்களுக்குப் பின் 1816-இல் பிரான்சிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட இப்பகுதியில் கோட்டை கட்டவோ, காவலுக்குத் தேவையானதற்கு மேல் படை வைக்கவோ பிரான்சுக்கு உரிமை இல்லை. படை வலிமையால் பிரித்தானியருக்கு எவ்வகையிலும் ஈடாகாத இப்பகுதிக்கு வேறொரு வலிமை இருந்தது. அது பிரெஞ்சுச் சட்டம்.

1881 சூலை 29-ஆம் நாளைய பிரெஞ்சு அச்சுச் சுதந்திரச் சட்டத்தின்படி இதழ் தொடங்க முன் அனுமதியோ பிணைத் தொகையோ தேவையில்லை. உரிய அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தால் போதுமானது. இச்சட்டம் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகள் சிலவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. மேலும், அரசியல் குற்றம் சாட்டப்பட்டு அடைக்கலம் புகுந்தவர்களை அயல்நாட்டு அரசிடம் ஒப்படைப்பதில்லை என்பது அக்கால ஐரோப்பிய நாடுகளின் பொது வழக்கம். திருட்டுக் குற்றவாளியைக் கேட்டுப் பெறுவது போல ஓர் இதழாசிரியரைக் கேட்டுப் பெற பிரித்தானிய அரசால் இயலவில்லை.

புதுச்சேரி நிலப்பரப்பின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுப் பகுதியும் பிரித்தானியத் தென்னார்க்காடு மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போலத் துண்டு துண்டாக இருந்தன. ஒரு சிற்றூரில் இருந்து அடுத்த சிற்றூருக்குச் செல்பவர் ஆட்சி எல்லையைக் கடந்ததை அறியாமலே கடக்கக்கூடும். இன்றும் கடலூர் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ செல்பவர்கள், தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருவதைக் காணலாம்.

இதழ் இடம்பெயர்தல்

பாரதி 1908-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25. முதலில் குப்புசாமி ஐயங்கார் என்பவரின் வீட்டில் தங்கினார். காவலர்களின் நெருக்குதலால் அங்கு நீடிக்க முடியவில்லை. அதன் பின் சுந்தரேச ஐயர், குவளைக் கண்ணன் என்ற கிருஷ்ணமாச்சாரி போன்ற உள்ளூர் அன்பர்கள் உதவினர். இந்தியா இதழின் கடைசிச் சென்னை வெளியீடு செப்டம்பர் 5-ஆம் நாளைச் சேர்ந்தது. அச்சு இயந்திரம் சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, அக்டோபர் 10-இல் இதழ் மீண்டும் வெளிவந்தது. இடையில் விடுபட்டவை நான்கு கிழமை இதழ்கள் மட்டுமே. அன்றைய ஈய எழுத்து அச்சுக்கூடம் ஒன்றை, அதுவும் அரசின் கண்ணில் பட்டிருந்த ஒன்றை, ஒரு மாத அளவில் எல்லை தாண்டிக் கொண்டுசென்று ஓட வைத்தது சிறிய செயலன்று.

மண்டயம் சீனிவாசாச்சாரி, திருமலாச்சாரி ஆகியோரும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். இதழின் வெளியீட்டில் பங்குகொண்ட எம். பி. தி. ஆச்சாரியா என்ற இளைஞர் 1908 இறுதியில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அவர் பின்னர் இலண்டன், பெர்லின் எனச் சுற்றி, 1920-இல் தாசுகண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவரானார். பின் அக்கட்சியுடன் முரண்பட்டு அரசின்மைக் கொள்கையாளராகவே வாழ்ந்து மறைந்தார்.

1909-இல் விஜயா நாளிதழ் புதுச்சேரியில் இருந்து வெளிவரத் தொடங்கியது. கர்மயோகி மாத இதழ் அரவிந்தர் கல்கத்தாவில் 1909-இல் தொடங்கிய கர்மயோகின் ஆங்கில வார இதழின் தாக்கத்தில் எழுந்தது. சூரியோதயம் இதழ் சைகோன் சின்னையா என்று அறியப்பட்ட உள்ளூர் அச்சக உரிமையாளருடன் தொடர்புடையது. அவரது பெயரின் முன்னொட்டு, பிரெஞ்சு இந்தோசீனாவில் பணியும் வணிகமும் செய்து திரும்பிய புதுச்சேரித் தமிழரின் வரலாற்றை நினைவூட்டுகிறது.

எல்லை தாண்டிய வினியோகம்

அச்சிடுவது எளிதாயிற்று. படிப்பவரிடம் கொண்டு சேர்ப்பது எளிதாகவில்லை. புகலிட இதழ்களின் கதையில் பலரும் விரைந்து கடந்து செல்லும் பகுதி இதுவே. ஆனால் இதழ்களின் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

புதுச்சேரி நகரில் தமிழ் இதழ் வாங்கிப் படிப்போர் தொகை ஒரு வார இதழைத் தாங்கும் அளவுக்கு இல்லை. அவர்களுள்ளும் பலருக்குச் சென்னை மாகாண அரசியலை விட, தங்கள் நகரசபை, மாமன்றத் தேர்தல்களே நெருக்கமானவை. பிரெஞ்சிந்தியாவில் 1870-கள் முதலே வாக்குரிமையும் தேர்தலும் இருந்தன. அவற்றுக்கான தனிக் கட்சிகளும் தனிச் சண்டைகளும் இருந்தன. இந்தியா இதழின் வாசகர் சென்னை, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களில் இருந்தனர்.

அவர்களை அடைய இதழ் எல்லை கடந்தாக வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு அஞ்சலகத்துடன் பிரித்தானிய இந்திய அஞ்சலகமும் இயங்கியது. மாகாணத்துக்குள் செல்லும் அஞ்சலுக்கு இதுவே நேர்வழி. ஆனால் அவ்வாறு அனுப்பப்படும் ஒவ்வொரு பிரதியும் எந்த அரசைச் சாடுகிறதோ அந்த அரசின் ஊழியர் கைகளின் வழியாகவே சென்றது. பிரதியின் மேலுறையில் சந்தாதாரரின் பெயரும் ஊரும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அரசு இதழைத் தடுக்காமல் விட்டாலும், யார் படிக்கிறார்கள் என்ற பட்டியலை வாரந்தோறும் இலவசமாகப் பெற்றது. அரசு அலுவலில் இருந்தவரோ, அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவரோ இதனை அஞ்சியது இயல்பே.

சந்தாப் பணமும் இதே வழியில்தான் திரும்பி வர வேண்டும். பணவிடையும் வி.பி.பி. முறையும் அஞ்சல் துறையைச் சார்ந்தவை. பணம் அனுப்புபவர் தம் பெயரை அரசின் படிவத்தில் தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். தொடர்வண்டியில் பொதியாக அனுப்பினால் விழுப்புரம் பாதையில் சுங்கச் சோதனை உண்டு. ஆளிடம் கொடுத்தனுப்பலாம், ஆனால் வாரந்தோறும் பல நூறு பிரதிகளை மடியில் மறைத்துக் கொண்டுசெல்ல இயலாது. துண்டறிக்கைக்குப் பொருந்தும் வழி கிழமை தவறாத இதழுக்குப் பொருந்தாது.

தடையும் நிறுத்தமும்

பிரித்தானிய இந்திய அரசிடம் இரு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று, 1878-ஆம் ஆண்டின் கடல்வழிச் சுங்கச் சட்டம். எந்தப் பண்டத்தையும் எல்லைக்குள் கொண்டுவரத் தடை விதிக்க இது அரசுக்கு அதிகாரம் அளித்தது. இலண்டனில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய இந்தியன் சோசியாலஜிஸ்ட் இதழுக்கு 1907-இல் இச்சட்டத்தின்படியே தடை விதிக்கப்பட்டது. சட்டத்தின் பார்வையில் இதழும் ஒரு பண்டமே. மற்றொன்று, 1910 பிப்ரவரியில் நிறைவேற்றப்பட்ட இந்திய அச்சுச் சட்டம். புதிதாக அச்சுக்கூடம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை பிணைத் தொகை கேட்கவும், ஆட்சேபத்துக்குரிய இதழ்களைப் பறிமுதல் செய்யவும் இது வழிசெய்தது. அதன் பிணைத் தொகை விதிகள் புதுச்சேரிக்குப் பொருந்தா. ஆனால் வெளியில் இருந்து வரும் பொதிகளைச் சுங்க அலுவலரும், ஐயத்துக்குரிய அஞ்சல்களை அஞ்சல் அலுவலரும் நிறுத்தி வைக்கலாம் என்ற பிரிவுகள் புகலிட இதழ்களுக்கு நேரடியாகப் பொருந்தின.

இந்தியா இதழ் பிரித்தானிய இந்தியாவுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. 1910 மார்ச் 12-ஆம் நாளைய வெளியீட்டுடன் அது நின்றது. புதிய சட்டம் வந்து ஐந்து வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மற்ற இதழ்களும் அதே ஆண்டுக்குள் அடங்கின. இதழை நிறுத்தப் பிரெஞ்சு அதிகாரிகள் எவரையும் கைது செய்யவில்லை. அச்சுக்கூடம் பூட்டப்படவும் இல்லை. இதழை அச்சிடும் உரிமை மார்ச் 13-ஆம் நாளும் முன்னிருந்தவாறே இருந்தது. வாசகர் இல்லை.

பாரதி அவ்வாண்டில் புதுச்சேரியில் வெளியிட்ட கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகிய நூல்களையும் சென்னை அரசு 1911-இல் தடை செய்தது.

பிரெஞ்சு–பிரித்தானிய உறவில் தாக்கம்

1904-இல் பிரான்சும் பிரித்தானியாவும் நட்புறவு உடன்பாடு செய்துகொண்டிருந்தன. எகிப்தில் பிரித்தானியாவின் நிலையையும் மொரோக்கோவில் பிரான்சின் நிலையையும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டன. செருமனியின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய இரு நாடுகளுக்கும் இந்நட்பு தேவையாயிருந்தது. இந்நிலையில் புதுச்சேரியில் அச்சாகும் ஒரு சிவப்புத் தாள் இதழுக்காகப் பாரிசு அரசு நட்பைப் பணயம் வைக்கும் என எதிர்பார்க்க இயலாது. அதே வேளையில், தன் நாட்டுச் சட்டத்துக்கு மாறாக அயல் அரசின் வேண்டுகோளுக்காக ஓர் இதழை ஒடுக்கினால் பாரிசிலேயே எதிர்க்குரல் எழும். எனவே பிரெஞ்சு நிருவாகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. புகலிடம் தேடியவர்களை ஒப்படைக்கவில்லை; பிரித்தானிய ஒற்றர்கள் நகரில் உலவுவதைத் தடுக்கவும் இல்லை.

இக்காலத்தில் இந்தக் கேள்வி புதுச்சேரியுடன் நிற்கவில்லை. 1910 சூலையில் மார்சேல் துறைமுகத்தில் கப்பலில் இருந்து தப்பி நீந்திக் கரையேறிய சாவர்க்கரைப் பிரெஞ்சுக் காவலர் பிடித்துப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தார். இது புகலிட உரிமைக்கு எதிரானது என்று பிரான்சில் எழுந்த எதிர்ப்பால் வழக்கு ஏக் நகரின் பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. 1911 பிப்ரவரியில் தீர்ப்பு பிரித்தானியாவுக்குச் சார்பாக வந்தது.

1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தார். அக்டோபரில் வ. வே. சு. ஐயர் வந்து சேர்ந்தார். 1911 சூன் 17-இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்ட பின் கண்காணிப்பு மிகக் கடுமையானது. அவ்வாண்டில் புதுச்சேரியில் வாழும் அயலார், ஊரின் மதிப்புக்குரிய ஐந்து பேரிடம் நற்சான்று பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. கலவை சங்கர செட்டியார் போன்றோரின் முயற்சியால் புகலிடத்தார் இந்நெருக்கடியைக் கடந்தனர். உள்ளூர்ச் செல்வர் ஐவர் கையெழுத்திட மறுத்திருந்தால் தமிழ் இலக்கிய வரலாறே வேறாகியிருக்கும்.

பிற நாட்டு ஒப்பீடுகள்

அயல் மண்ணில் அச்சிட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பும் முறை புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று. மிக நெருக்கமான முன்னோடி ஓர் அரபு இதழ். எகிப்தில் இருந்து நாடு கடத்தப்பட்ட முகம்மது அப்துகுவும் சமாலுத்தீன் ஆப்கானியும் 1884-இல் பாரிசில் இருந்து அல் உர்வத்துல் வுத்கா என்ற இதழை வெளியிட்டனர். அதே 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் அதுவும் அச்சானது. எகிப்திலும் இந்தியாவிலும் பிரித்தானிய அரசு அதனைத் தடுத்தது. 18 இதழ்களுடன் அதே ஆண்டில் நின்றது. கால் நூற்றாண்டு இடைவெளியில், இரு மொழிகளில், இரு ஊர்களில் ஒரே வகைத் தொடக்கமும் ஒரே வகை முடிவும் காணப்படுகின்றன.

பிக்காஜி காமா தொடர்புடைய வந்தே மாதரம் 1909-இல் ஐரோப்பாவில் இருந்தும், கதர் 1913-இல் சான் பிரான்சிசுகோவில் இருந்தும் வெளிவந்தன. கதர் நீண்டகாலம் நின்றதற்கு ஒரு காரணம், அதன் வாசகரில் பெரும்பகுதியினர் இந்தியாவில் இல்லாமல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கீழை நாடுகளிலும் உழைத்த பஞ்சாபியராக இருந்தது எனலாம். அச்சகமும் வாசகரும் எல்லையின் ஒரே பக்கத்தில் இருந்தனர்.

பிற்காலம்

இதழ்கள் நின்ற பின் புதுச்சேரிப் புகலிடத்தாரின் எழுத்து வேறு திசையில் சென்றது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை பாரதியின் புதுச்சேரிக் காலப் படைப்புகள். வாரந்தோறும் இதழ் நிரப்பும் கடமை நீடித்திருந்தால் இவை எழுதப்பட்டிருக்குமா என்ற கேள்விக்கு விடை கூற இயலாது. 1914 ஆகத்து 15-இல் அரவிந்தர் தொடங்கிய ஆரியா மெய்யியல் இதழாக இருந்தது. பாரதி பின்னர் சுதேசமித்திரனுக்கே மீண்டும் கட்டுரைகள் அனுப்பினார். 1918 நவம்பர் 20-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கடலூர் அருகே கைதாகி, டிசம்பர் 14-இல் விடுவிக்கப்பட்டார்.

1930-இல் தன்மதிப்பு இயக்கச் சார்புடன் புதுவை முரசு தோன்றியது. பாரதிதாசன் அதில் பங்குகொண்டார். 1934-இல் வ. சுப்பையா சுதந்திரம் இதழைத் தொடங்கினார். இம்முறை சாடப்பட்டது பிரெஞ்சு ஆட்சியும், புதுச்சேரிப் பஞ்சாலைகளின் நிலையும். பிரித்தானியரைச் சாடிய இதழ்களிடம் காட்டிய பொறுமையைப் பிரெஞ்சு நிருவாகம் இவ்விதழிடம் காட்டவில்லை.

இதழ்களின் இன்றைய இருப்பு

இந்தியா, விஜயா இதழ்களின் முழுத் தொகுதி ஓரிடத்தில் கிடைப்பதில்லை. தடை செய்யப்பட்ட இதழை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்ததால் பலர் எரித்தோ புதைத்தோ விட்டிருக்கலாம். கிடைக்கும் பகுதிகளில் இருந்து இளசை மணியன் தொகுத்த பாரதி தரிசனம் 1970-களில் வெளிவந்தது. ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் ஆகியோரின் தொகுப்புகளும், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த பாரதியின் கருத்துப்படங்கள் (1994), பாரதியின் விஜயா கட்டுரைகள் (2004) ஆகிய நூல்களும் முக்கியமானவை.

மூல இதழ் கிடைக்காத இடங்களில் ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது, சென்னை அரசு வாரந்தோறும் தன் அலுவலர்களுக்காகக் கமுக்கமாக அச்சிட்ட சுதேச மொழி இதழ்கள் பற்றிய அறிக்கைகளை. அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆட்சேபத்துக்குரிய பகுதிகளைத் தேர்ந்து ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தனர். இதனால் இதழ்களின் கடுமையான பகுதிகள் ஆங்கிலத்தில் எஞ்சின; விளம்பரங்களும் ஊர்ச் செய்திகளும் வாசகர் கடிதங்களும் பெரும்பாலும் மறைந்தன. அவ்வறிக்கைகளை மட்டும் கொண்டு எழுதுவோர், இவ்விதழ்கள் எந்நேரமும் சினந்தே பேசின என்று முடிவுகட்டிவிடும் வாய்ப்பு உண்டு.

புதுச்சேரி ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு அரசின் நினைவு அருங்காட்சியகமாகவும் ஆய்வு நடுவமாகவும் பேணப்படுகிறது.